இழுக்கத் தெரிந்த வண்டியா, நிறுத்தத் தெரிந்த வண்டியா?

கார்டன் ரீச்சில் குடியிருப்பவனுக்கு ரயிலும் தெரியும், படகும் தெரியும். ஒரு பக்கம் 1955இல் தனி மண்டலமான தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம். கொஞ்ச தூரம் நடந்தால் 1884இல் சிறு பட்டறையாகத் தொடங்கி, 1960இல் அரசின் கைக்கு வந்து, இன்று கடற்படைக்குக் கப்பல் கட்டும் தளம். நடுவே ஹூக்ளி நதி. நான் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, வேலைக்காலம் முழுவதும் பெட்டிகளின் பிரேக்கோடும் இணைப்புக் கொக்கியோடும் மல்லுக்கட்டியவன். அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். நம் சங்கத்து அன்பர்கள் பலரின் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். கடலோ ஏரியோ பக்கத்தில் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் படகு இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் ஆசை வருகிறது. பெர்த் நகரில் இருக்கும் என் மருமகன் ஒரு நாள் போனில், "மாமா, ஆறு மீட்டர் படகு ஒன்று பார்த்திருக்கிறேன். மாசத்துக்கு ஒரு தடவைதான் கடலுக்குப் போவோம். இழுத்துப் போக எந்தப் பிக்-அப் வாங்கலாம்?" என்று கேட்டார். பிறகு சங்கத்தில் விசாரித்தால், இதே கேள்வி இன்னும் இரண்டு வீடுகளுக்கும் வந்திருக்கிறது.

விளம்பரங்கள் எல்லாம் வண்டியின் குதிரைசக்தியைச் சொல்கின்றன. ஆனால் முன்னே வண்டிக்குள் பேரன் பேத்திகள் உட்கார்ந்திருக்க, பின்னே ஒன்றரை டன் சுமை உருண்டு வருகிறது. ரயில்வேக்காரன் கேட்கும் கேள்விகள் வேறு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எடையை எழுதிப் பாருங்கள்

படகுக் கம்பெனியின் துண்டுப் பிரசுரத்தில் இருக்கும் எடை பெரும்பாலும் வெறும் உடற்பகுதியின் எடை. ஒரு கணக்குக்கு, அது 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 குதிரைசக்தி எஞ்சின் சுமார் 170 கிலோ. நூறு லிட்டர் பெட்ரோல் 75 கிலோ. பேட்டரி, நங்கூரம், கயிறு, உயிர்காப்பு அங்கிகள், ஐஸ் பெட்டி, மீன்பிடி சாமான் எல்லாம் சேர்த்து 120 கிலோ. இவற்றைத் தாங்கும் டிரெய்லர் 400 கிலோ. கூட்டினால் 1,365 கிலோ. அறுநூறு என்று நினைத்தது இரண்டு மடங்குக்கு மேல் வந்து நிற்கிறது!

ஆகவே படகு வாங்குமுன் வண்டி வாங்கக் கூடாது. படகும் டிரெய்லரும் முடிவான பிறகு, எல்லாவற்றையும் ஏற்றி ஒரு எடை மேடையில் நிறுத்தி, அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக் கடைக்குப் போவதே முறை.

2. மூன்று எண்கள்

வண்டிக்காரர் "3,500 கிலோ இழுக்கும்" என்பார். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை; மற்ற இரண்டு எண்களைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதல் எண், இழுக்கக்கூடிய எடை. இரண்டாவது, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய மொத்த எடை. உதாரணமாக மொத்தம் 5,800 கிலோ என்றால், 3,500 கிலோவை இழுக்கும்போது வண்டிக்கு மிஞ்சுவது 2,300. வண்டியே 2,100 கிலோ இருந்தால், ஆட்களுக்கும் சாமான்களுக்கும் 200 கிலோதான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஏறினாலே கணக்குத் தீர்ந்துபோகும்.

மூன்றாவது எண், இணைப்புக் குண்டின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் பாரம். பொதுவாக டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பார்கள். படகு டிரெய்லர்களில் அதைவிடக் குறைவாகவும் இருக்கும். வண்டி, டிரெய்லர் இரண்டின் கம்பெனிகளும் சொல்லும் அளவுக்குள் இருக்க வேண்டும். இது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல வளைந்து ஆடும். கூடினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரங்கள் லேசாகி, ஸ்டீயரிங் பிடிமானம் போய்விடும். இந்தப் பாரமும் வண்டி சுமக்கும் சுமையில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். ஒரே பெயருள்ள வண்டி, உதாரணமாக ஃபோர்டு எஃப்-150, எஞ்சினையும் பின் அச்சின் பல்சக்கர விகிதத்தையும் பொறுத்து வெவ்வேறு இழுவைத் திறன் கொண்டிருக்கும். நம் ரயில்வேயிலும் இது உண்டு. கூட்ஸ் இழுக்கும் டபிள்யூ.ஏ.ஜி-9 எஞ்சினின் பல்சக்கர விகிதத்தை மாற்றித்தான் பயணிகள் ரயிலுக்கான டபிள்யூ.ஏ.பி-7 உருவானது. அடிப்படை ஒன்று, வேலை வேறு. ஆகையால் பெயரைப் பார்த்து வாங்காமல், வாங்கப்போகும் அந்த ஒரு வண்டியின் கதவோரப் பட்டையையும் கையேட்டையும் படித்து வாங்க வேண்டும்.

3. நிறுத்துவது யார்?

1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊரருகே ஒரு விபத்து நடந்தது. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளை உல்லாசப் பயணம் அழைத்துச் சென்ற ரயில், 75க்கு 1 என்ற ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை மட்டும் முதலில் கொண்டுபோகத் தீர்மானித்தார்கள். பிரித்த உடனே பின்பாதிக்கு எஞ்சினிலிருந்து வரும் பிரேக் இல்லாமல் போயிற்று. ஒரு கைப்பிரேக்கும், சக்கரத்தடியில் வைத்த கற்களுமே காவல். எஞ்சின் கிளம்பும்போது சற்றே பின்னால் நகர, கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னால் வந்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் மாண்டார்கள், பலர் குழந்தைகள். அதே ஆண்டு, ரயில் துண்டானால் தானாகவே பிடிக்கும் பிரேக் பயணிகள் வண்டிகளுக்குக் கட்டாயம் என்று சட்டம் வந்தது. இன்று நம் ரயில்களில் இருப்பதும் அந்தத் தத்துவமே: குழாய் அறுந்தால் பிரேக் விழும்.

டிரெய்லருக்கும் இதே நியாயம். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் நிற்கவும் வேண்டும். மற்ற நாடுகளில், அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம்கூட, எல்லை மாறும். ஆனால் சட்டம் கேட்காத இடத்திலும் பிரேக் உள்ள டிரெய்லரையே வாங்குங்கள் என்பேன். எஞ்சினில் மிச்சம் பிடித்து பிரேக்கில் செலவழிப்பது புத்திசாலித்தனம். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக, பெருக்கல் குறி போல மாட்ட வேண்டும்; கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் அவை தாங்கும்.

இன்னொன்று. பழைய நாட்களில் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும், எங்கள் ஆட்கள் அச்சுப்பெட்டி ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். சூடேறிய அச்சு தெரிந்தால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிடுவோம். படகு டிரெய்லருக்கு இந்த வியாதி சீக்கிரம் வரும். நெடுந்தூரம் ஓடிச் சூடான சக்கரக் குடத்தைக் குளிர்ந்த உப்புநீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உள்ளே உறிஞ்சும். கிரீஸ் கெட்டு, பேரிங் துருவேறி, ஒரு நாள் நெடுஞ்சாலையில் சக்கரமே கழன்று போகும். ஆகவே தண்ணீரில் இறக்குமுன் கால்மணி நேரம் ஆறவிடுங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் சக்கரத்தையும் பிரேக்கையும் கழுவுங்கள்.

4. நீலகிரி ரயிலைவிடச் செங்குத்து

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலை அறியாதவர் நம்மில் யார்? அதன் மிகக் கடினமான ஏற்றம் ஏறக்குறைய 12க்கு 1. அதற்கே தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். படகு இறக்கும் கான்கிரீட் சரிவுகளோ சாதாரணமாக 12 முதல் 15 சதவீதம். அதாவது 8க்கு 1, 7க்கு 1. ஊட்டி ரயிலைவிடச் செங்குத்து, அதுவும் ஈரத்தில், பல்சட்டம் இல்லாமல்!

கணக்குப் போடுவோம். வண்டி 2,000, படகும் டிரெய்லரும் சுமார் 1,400, மொத்தம் 3,400 கிலோ. 8க்கு 1 சரிவில் பின்னோக்கி இழுக்கும் விசை 425 கிலோ. உருளும் தடையும் சேர்த்தால் 450. பின் சக்கரங்களின் மேல் 1,000 கிலோ இருந்து, தரைப்பிடிப்பு பாதி என்றால் 500 கிலோ இழுவை கிடைக்கும், ஏறிவிடும். பாசி பிடித்துப் பிடிப்பு ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் கிடைப்பது 200தான். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. நான்கு சக்கர இழுவை இருந்தால் வண்டியின் முழுப் பாரமும் உதவி 420 வரை கிடைக்கும். அப்போதும் ஒரு மயிரிழை குறைகிறது, பாருங்கள்.

இதிலிருந்து தெரிவது: எப்போதும் பயன்படுத்தும் சரிவு வழவழப்பானது என்றால், பெரிய எஞ்சினைவிட நான்கு சக்கர இழுவையே பணத்துக்கு மதிப்பு. பாசிச் சரிவில், வண்டியைக் காய்ந்த இடத்தில் நிறுத்தி நீண்ட, பலமான கயிற்றாலோ வின்ச்சாலோ இழுப்பது மேல். அப்போது கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் வண்டிக்குள்ளும் இருக்கக் கூடாது, டிரெய்லருக்குப் பின்னும் இருக்கக் கூடாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். கல் வேண்டாம், ஆர்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. "எப்போதாவது" என்ற சொல்

கேள்வியிலேயே மிக முக்கியமான சொல் இதுதான். வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்காக அண்டா குண்டானை யாரும் விலைக்கு வாங்குவதில்லை, வாடகைக்கு எடுக்கிறோம்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். 2018 ஆகஸ்டில் கேரள மீனவர்கள் ஏறத்தாழ 670 படகுகளோடு வந்து, அரசின் கணக்குப்படி 65,000க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார்கள். டிரெய்லரையோ இழுவைக் கொக்கியையோ அவர்கள் தேடிக்கொண்டிருக்கவில்லை. கிடைத்த லாரியில் படகைத் தூக்கி ஏற்றினார்கள், ஓட்டினார்கள். என்றைக்கோ ஒரு நாள் நகர வேண்டிய படகுக்குச் சுமப்பதே எளிய வழி. 2005இல் வந்த டாடா ஏஸ் வண்டியைத் தமிழ்நாட்டில் குட்டி யானை என்கிறோம். இங்கே வங்காளிகளும் 'சோட்டோ ஹாத்தி' என்றே அழைக்கிறார்கள். நம் ஊரில் சிறு படகு வைத்திருப்பவர் அப்படியொரு வண்டியை வாடகைக்குப் பிடித்தால் போதும். இந்தியாவில் டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலும் இதே யோசனை செல்லும். நான்கு மீட்டருக்குள் அலுமினியப் படகு என்றால் இருக்கிற வண்டியின் மேலேயே கட்டலாமா என்று பாருங்கள். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை என்றால் படகையே வாடகைக்கு எடுக்கலாம். பிக்-அப் வாடகைக்கு எடுப்பதானால், டிரெய்லர் இழுக்க ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்று படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

மாசத்துக்கு ஒரு தடவை என்பது நடுத்தரம். மருமகனுக்கு நான் எழுதிய முடிவு இது: 1,400 கிலோ சுமைக்கு 3,500 கிலோ வண்டி தேவையில்லை. பிரேக் உள்ள டிரெய்லரோடு 2,000 முதல் 2,500 கிலோ இழுக்கும், நான்கு சக்கர இழுவையுள்ள, பழகிய பிக்-அப் ஒன்று போதும். மீதி இருபத்தொன்பது நாளும் அதிலேதான் ஆபீஸுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் போக வேண்டும். பிள்ளைகளுக்குப் பின் சீட் சௌகரியமா, வீட்டு வாசலில் நிற்க இடமிருக்கிறதா, மாதத் தவணை கட்டுப்படியாகுமா என்பவையும் இழுவைத் திறனைப் போலவே முக்கியம்.

கிளம்புமுன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பாருங்கள்: கொக்கிப் பூட்டு, சங்கிலி, விளக்கு, டயர்க் காற்று, படகைக் கட்டிய பட்டை, தூக்கி நிறுத்திய எஞ்சின். ஐந்து நிமிட வேலை. எங்கள் யார்டில் இந்தச் சோதனை முடியாமல் எந்த ரயிலும் நகராது.

சங்கத்து அன்பர்களில் யார் வீட்டுக்காவது இதே கேள்வி வந்திருந்தால், படகின் எடைச் சீட்டையும் வண்டியின் மூன்று எண்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள். என் வீட்டில் காபி குடித்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.