நாக்கு ஏங்கும் நேரம் யாருக்குத் தெரியலாம்?

குடித்தாரா இல்லையா என்று பார்க்க வாயை ஊதச் சொல்வது பழைய முறை. இப்போது வியர்வையே சொல்லிவிடுகிறது. உள்ளே போகும் மதுவில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிட, சுமார் ஒரு சதவீதம் மட்டும் தோல் வழியே கசிகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நீதிமன்றங்கள் சிலரின் கணுக்காலில் பூட்டி அனுப்பும் பட்டை, இந்த ஒரு சதவீதத்தைத்தான் மோப்பம் பிடிக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை தோலை ஒட்டிய ஆவியைச் சேகரித்து, உள்ளே இருக்கும் சிறிய மின்வேதிக் கலத்துக்கு அனுப்பும். மது இருந்தால் அங்கே மின்னோட்டம் பிறக்கும். மது கூடக் கூட மின்னோட்டமும் கூடும். தூங்கும்போதுகூடக் கழற்ற முடியாது. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே எதையாவது செருகி ஏமாற்றப் பார்த்தால், வெப்பமானியும் அகச்சிவப்பு ஒளியும் காட்டிக்கொடுத்துவிடும்.

பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டித் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவர்களுக்காக அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம் 2005-இல் ஒரு திட்டம் தொடங்கியது. காலையும் மாலையும் வந்து ஊதிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். சிக்கினால் உடனே சிறை. அதுவும் ஓரிரு நாள்தான். அந்தத் திட்டம் வந்த மாவட்டங்களில் இப்படி மறுபடி கைதாவது 12 சதவீதமும், குடும்ப வன்முறைக் கைதுகள் 9 சதவீதமும் குறைந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு சொன்னது. வேல்ஸ் 2020-லும் இங்கிலாந்து 2021-லும் பட்டைக்கு மாறின. அங்கே நீதிபதி அதிகபட்சம் 120 நாள் வரை மதுவிலக்கு விதித்து, பட்டையால் கண்காணிக்கச் சொல்லலாம்.

ஆனால், இந்தப் பட்டை எப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. ரத்தத்தில் ஏறிய மது தோலுக்கு வந்து சேரக் கணிசமான நேரம் ஆகும்; கருவியில் கோடு எழும்போது இரண்டாவது கோப்பையும் காலியாகியிருக்கும். அமெரிக்க அரசு ஆய்வு அமைப்பு ஒன்று, கையில் அணியும் அளவுக்குச் சிறிதான மது உணர்கருவிக்குப் போட்டி வைத்து, 2016-இல் 2 லட்சம் டாலர் முதல் பரிசு தந்தது. கருவி சிறிதானது, கணுக்காலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. அதுவும் குடித்த பிறகுதான் பேசும். கைக்குச் சானிடைசர் தடவினாலும் பேசிவிடும் என்பது வேறு சங்கடம். (சானிடைசர் என்றால் கோடு சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும், குடித்திருந்தால் மெல்ல ஏறி, மணிக்கணக்கில் இறங்கும். அந்த வித்தியாசத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.)

அதனால்தான் எல்லோர் கண்ணும் இப்போது முந்தைய கணத்தின் மேல். கோப்பையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஏக்கம் வருகிறதே, அதைப் பிடித்துவிட்டால்? இதயத் துடிப்பு, துடிப்புகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கம், தோலின் மின்கடத்தும் தன்மை, தோல் வெப்பம், கை அசைவு, தூக்கம் என்று ஸ்மார்ட் வாட்ச் ஏற்கெனவே அளந்துகொண்டிருப்பதை வைத்தே, ‘இவருக்கு இப்போது தாகம்’ என்று சொல்லிவிட முடியுமா?

முடியும் என்று விற்பனையாளர்கள் சொல்வது போலச் சுலபமில்லை. போதைப் பொருளையோ மதுவையோ கண்ணில் காட்டினால் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்த்த பல ஆய்வுகளை 1999-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். இதயம் கொஞ்சம் வேகமெடுக்கிறது, வியர்வைச் சுரப்பி கொஞ்சம் கூடுதலாக இயங்குகிறது, தோல் கொஞ்சம் குளிர்கிறது. மூன்றுமே ‘கொஞ்சம்’தான். “எனக்கு வேண்டும்போல இருக்கிறது” என்று ஆய்வில் பங்கேற்றவர்களே வாய்விட்டுச் சொன்னதில் தெரிந்த மாற்றம் அதைவிடப் பெரியது. தவிர, இதே மூன்றும் மாடிப்படி ஏறினாலும் வரும், மேலதிகாரி திட்டினாலும் வரும். வாசலில் நாய் குரைக்கிறது. வந்தவர் திருடனா தபால்காரரா என்று குரைப்பை வைத்து மட்டும் எப்படிச் சொல்வது?

எனவே மற்ற தடயங்களையும் சேர்க்கிறார்கள். மணி என்ன, ஆள் எங்கே நிற்கிறார், நேற்று எவ்வளவு தூங்கினார். கூடவே, கைப்பேசி அவ்வப்போது கேள்வி கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்ளும். குடியிலிருந்து மீண்டவர்கள் கூடும் குழுக்களில் ஒரு பழைய எச்சரிக்கை உண்டு: பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கும் வரும்போது ஜாக்கிரதை. களைப்பைக் கடிகாரம் ஓரளவு அளந்துவிடும். தனிமையை எந்த உணர்கருவியால் அளப்பது?

இந்த வரிசையில் எனக்கு நம்பிக்கை தருவது பகட்டே இல்லாத ஒரு செயலி. விஸ்கான்சின் ஆய்வாளர்கள் உருவாக்கியது. மறுவாழ்வு மையங்களிலிருந்து வீடு திரும்பிய 349 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்போடு இந்தச் செயலியையும் கொடுத்தார்கள். முடிவு 2014-இல் வெளியானது. முந்தைய 30 நாட்களில் அளவு மீறிக் குடித்த நாட்கள், செயலி வைத்திருந்தவர்களுக்குச் சராசரியாக 1.39, மற்றவர்களுக்கு 2.75. அதில் வியர்வையும் இல்லை, துடிப்பும் இல்லை. ‘இந்தப் பக்கம் போனால் எனக்கு ஆபத்து’ என்று நோயாளியே முன்கூட்டிப் பதிந்து வைத்த மதுக்கூடத்தின் பக்கம் அவர் நெருங்கினால் எச்சரிக்கும். தாங்க முடியாத நேரத்தில் அழுத்த ஒரு பொத்தான் உண்டு. எந்த இடம் ஆபத்து என்று சொன்னவர் அவர்; பொத்தானை அழுத்துகிறவரும் அவர்தான்.

கடிகாரம் தானாகவே ஏக்கத்தைக் கண்டுபிடிக்கும் நாளில் இந்தப் பிடி அவர் கையில் இருக்காது. என்னை உறுத்துவது இதுதான். ஒருவர் மனம் மிகவும் தளர்ந்திருக்கும் கால் மணி நேரம் எது என்பது அவருடைய நண்பருக்குப் பயன்படும் செய்தி. மது விற்பவருக்கும் அதே அளவு பயன்படும். கொரோனா காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்கள் மதுவை வீட்டுக்கே கொண்டுவந்து தர அனுமதித்தன. செல்போன் திரையில் எந்த விளம்பரம் தோன்றுவது என்ற ஏலம் நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிகிறது. ‘தாகம் எடுத்திருக்கிறது’ என்ற ஒரு தகவல் அந்த ஏலத்துக்குள் நுழைந்தால் அதன் விலை என்னவாக இருக்கும்?

வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. குடியிலிருந்து மீள இணையம் வழியாகச் சிகிச்சை தந்த ஒரு சேவை, 84,000 பேர் வரையிலானவர்களின் விவரங்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் விளம்பரத் தளங்களுக்குக் கொடுத்ததாக 2024-இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. ரகசியம் காப்போம் என்று வாக்களித்திருந்த சேவை அது. அமெரிக்காவில் 1970-களிலிருந்தே போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு உண்டு. விஷயம் வெளியே தெரிந்தால் யாரும் சிகிச்சைக்கே வர மாட்டார்கள் என்பதால் கொண்டுவந்தது. அது சிகிச்சை மையத்தின் கோப்புக்குப் பொருந்தும். கடையில் காசு கொடுத்து வாங்கிய கடிகாரத்துக்குப் பொருந்தாது.

தரவு பெருகினால்தான் கணிப்பு கூர்மையாகும், கூர்மையானால்தான் உயிர்கள் பிழைக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இருக்கலாம்.

யாருக்குத் தெரியலாம் என்ற இதே கேள்வி வீட்டுக்குள்ளேயும் வரும். ஒரு முறை சறுக்கியவரை முழுக் குடிக்குத் தள்ளுவதில், ‘எல்லாம் போச்சு, இனி என்ன’ என்ற குற்ற உணர்வுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இத்துறையினர் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். முதல் மிடறு உள்ளே போன பிறகு மனைவியின் போனும் மகனின் போனும் சேர்ந்து அலறினால் அந்த உணர்வு எந்த அளவுக்கு ஏறும்? குடிக்கவே இல்லை, சானிடைசர்தான் தடவினார் என்றால் அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும்?

அண்ணனுக்கோ கணவருக்கோ இப்படி ஒன்றை வாங்கித் தரலாமா என்று யோசிப்பவர்கள், எத்தனை சதவீதம் துல்லியம் என்பதைக் கடைசியில் விசாரித்துக்கொள்ளலாம். கணக்கு கடிகாரத்துக்குள்ளேயே முடிகிறதா, எங்கோ ஒரு சர்வருக்குப் போகிறதா? எச்சரிக்கை போகும் எண்ணை அணிகிறவரே மாற்ற முடியுமா? நிறுவனம் கை மாறினால் பழைய பதிவுகள் யாரோடு போகும்? நீதிமன்றம் பூட்டிய பட்டைக்காவது 120 நாள் என்ற கணக்கு இருக்கிறது. தானாக விரும்பி அணிகிற கடிகாரத்துக்கு அப்படி ஒரு கெடுவை இதுவரை யாரும் வைக்கவில்லை.