அணி என்னும் ஒரு சொல்

தமிழ் வகுப்பில் 'அணி' என்றவுடன் உவமையும் உருவகமும் நினைவுக்கு வருகின்றன. கணித வகுப்பில் அச்சொல்லே எண்களை நிரையும் நிரலுமாக நிறுத்திய அமைப்பைக் குறிக்கின்றது. கிடையாகச் செல்வது நிரை. மேலிருந்து கீழாக இறங்குவது நிரல். இவ்விரு கலைகளுக்கும் பெயரளவிலன்றி வேறு தொடர்பில்லை என்று மாணவர் பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அணி என்பதற்கு அழகு, அணிகலன், வரிசை, படைவகுப்பு எனப் பொருள்கள் பல உள. அணிகலன் என்னும் பொருளொன்றையே பற்றி நிற்போர், செய்யுளணியும் நகைபோல் மேலே பூட்டப்பட்டது, வேண்டாதவிடத்துக் கழற்றிவிடலாம் என்பர். வரிசை என்னும் பொருளையும் உடன்வைத்து நோக்கின் உண்மை வேறாகத் தோன்றும்.

முதலில் கணிதத்தைக் காண்போம். ஆங்கிலக் கணிதர் சில்வெஸ்டர் என்பார் 1850இல் இவ்வமைப்பிற்கு இட்ட பெயர், இலத்தீன் மொழியிற் கருப்பையைக் குறிக்கும் சொல்லாகும். அணிக்கோவைகள் இதனின்று பிறத்தலால் அப்பெயர் இட்டனர். இவ்வணிகளைக் கூட்டிப் பெருக்கும் முறைகளைக் கேலி என்பார் 1858இல் வகுத்துரைத்தார். தமிழ்ப் பாடநூல்களோ பிறப்பை விடுத்து வரிசையை நோக்கி 'அணி' எனப் பெயரிட்டன.

நூல் 2, ஏடு 3 வாங்குகின்றோம். நூலொன்றின் விலை 5 ரூபாய். ஏடொன்றின் விலை 7 ரூபாய். தொகைகளை ஒரு நிரையாகவும் விலைகளை ஒரு நிரலாகவும் நிறுத்தி, முதலதை முதலதனோடும் இரண்டாவதை இரண்டாவதனோடும் பெருக்கிக் கூட்டின் 31 வரும். விலைகளை இடம் மாற்றி நிறுத்தினால் 29 வரும். எண்கள் அவையே, இடம் மாறியதனாற் பயன் மாறிற்று.

இம்முறையைத் தமிழிலக்கணம் நெடுங்காலமாக அறியும். தொல்காப்பியம் 'நிரல்நிறை'யைப் பொருள்கோள் வகையுள் வைத்தது. தண்டியலங்காரம் நிரனிறையைப் பொருளணி முப்பத்தைந்தனுள் ஒன்றாக எண்ணிற்று. 'ஞாயிறும் திங்களும் பகற்கும் இரவிற்கும் விளக்காம்' என்னுமிடத்து ஞாயிறு பகலோடும் திங்கள் இரவோடும் முறையே சென்று இயையும். வரிசையைக் குலைத்தால் அழகு கெடுவதோடு பொருளும் கெடும். ஆகவே செய்யுளணி கழற்றத்தக்க நகை அன்று; பொருளைத் தாங்கும் அமைப்பே ஆகும்.

ஓரமைப்பில் அழகும் ஒழுங்கும் ஒன்றாய் நிற்றலைக் கண்ணாற் காண விரும்புவோர், செஞ்சிக்குத் தென்கிழக்கே விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மண்டகப்பட்டுக்குச் செல்லலாம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் அங்குளது. முகப்பில் இரு தூண்களும் இரு அரைத்தூண்களும் நிற்கின்றன. உள்ளேயும் அவ்வாறே ஒரு வரிசை. இரண்டு நிரை, நான்கு நிரல் கொண்ட கல்லணி என்று அதனைக் கூறலாம். தூண்கள் மேலும் கீழும் சதுரமாய், நடுவில் எட்டுப்பட்டையாய் இருப்பனவன்றிச் சிற்பவேலை மிக்கன அல்ல. ஆயினும் அழகிற்குக் குறைவில்லை. இடைவெளியும் அளவும் அதனைத் தருகின்றன.

அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி இக்கோயிலை விசித்திரசித்தன் அமைத்தான் என்று கூறுகின்றது. விசித்திரசித்தன் என்பது அம்மன்னனின் விருதுப்பெயர். உலகறிந்த காரணங்களை விலக்கி, வேறொரு காரணத்தாற் செயல் நிகழ்ந்ததாகக் கூறுவது விபாவனை அணி. கட்டுதற்குரிய பொருளெல்லாம் இல்லையெனவே, பாறையும் உளியின் திறமுமே காரணமென்பது தானே பெறப்படுகின்றது. இல்லாதவற்றை நிரல்பட எண்ணியே உள்ளதன் பெருமையை உணர்த்தியமையின், இக்கூற்றையும் விபாவனையின்பாற் படுத்தலாம் என்பது எம் கருத்து.

கணிதமும் இலக்கணமும் வெவ்வேறு கட்டடங்களிற் கற்பிக்கப்படலாம். அவற்றைக் கற்கும் மனம் ஒன்றே. கலைச்சொல்லை ஒலியளவில் நெட்டுருப் பண்ணாது அதன் வேர்ப்பொருளை நாடுவோர்க்கு, ஒரு வகுப்பிற் பெற்ற விளக்கு மற்றொரு வகுப்பிலும் ஒளிதரும். தாய்மொழியிற் கலைபயில்வதன் பயன்களுள் இது தலையாயது. எதனை எவ்விடத்து நிறுத்துவது என்னும் அறிவே இரு துறைக்கும் பொதுவாகிய அணி என்க.