ஒன்றை நட்டால் ஒரு கொத்து

பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம் என்று பேச்செடுத்தால் செட்டிகுளம் பெயரும் கூடவே வரும். ஆலத்தூர் வட்டத்தில், மலைமேல் தண்டாயுதபாணி கோயில் உள்ள ஊர் அது. அறுவடை நேரத்தில் அங்கே ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். தாளுக்கு அடியில் நாலைந்து வெங்காயம் ஒட்டிக்கொண்டு நிற்கும், சிலவற்றில் இன்னும் அதிகம். நட்டது என்னவோ ஒன்றுதான்!

எப்படி? வெங்காயத்தின் அடியில், வேர் புறப்படும் இடத்தில், கெட்டியாக ஒரு சிறு தட்டு இருக்கிறது அல்லவா? நறுக்கும்போது முதலில் வெட்டி எறிவோமே, அதுதான் செடியின் தண்டு. நாம் தின்னும் சதை முழுவதும் உணவைச் சேர்த்துவைத்துப் பருத்த இலையடிகள். அந்த இலைகளின் இடுக்கில் மொட்டுகள் உண்டு. பெரிய வெங்காயத்தில் பெரும்பாலும் நடுமொட்டு மட்டுமே வளரும், பக்கத்து மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். சின்ன வெங்காயத்திலோ பக்க மொட்டுகளும் விழித்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் தனித்தனி வெங்காயமாகத் திரளும்.

இந்த வித்தியாசத்தை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய உழவர்கள் கவனித்திருக்கிறார்கள். பக்கத்தில் குட்டி எதுவும் ஒட்டாமல் தனியாக விளைந்த வெங்காயத்தை அவர்கள் 'யூனியோ' என்றார்கள். வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா இதைக் குறித்துவைத்திருக்கிறார். லத்தீனில் 'ஊனுஸ்' என்றால் ஒன்று. 'ஆனியன்' என்ற ஆங்கிலச் சொல் அந்த 'யூனியோ'விலிருந்துதான் வந்தது. அப்படிப் பார்த்தால், கொத்தாக விளையும் செட்டிகுளத்து வெங்காயத்துக்கு ஆனியன் என்ற பெயர் பொருந்தவே பொருந்தாது!

அதே நூலில் அஸ்கலோன் வெங்காயமும் வருகிறது. அஸ்கலோன், மத்தியதரைக் கடலோரத்துப் பழைய துறைமுகம். அந்த ஊர்ப்பெயர் தேய்ந்து தேய்ந்து ஆங்கிலத்தில் 'ஷாலட்' ஆனது. நம் சின்ன வெங்காயத்தை அப்படித்தான் சொல்கிறார்கள்.

வெங்காயத்துக்கு லத்தீனில் இன்னொரு சொல்லும் உண்டு, 'சீப்பா'. 1753இல் லின்னேயஸ் வெங்காயத்துக்கு 'அல்லியம் சீப்பா' என்று அறிவியல் பெயர் வைத்தபோது எடுத்துக்கொண்டதும் அதே சொல்தான். நம்முடையது அதில் 'அக்ரிகேட்டம்' என்ற பிரிவைச் சேர்ந்தது. கூட்டமாகச் சேர்ந்தது என்று பொருள். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. செடியைப் பிடுங்கிப் பார்த்தவர் வைத்த பெயர் போலவே இருக்கிறது.

மொட்டிலிருந்து பிறப்பதால் கொத்திலுள்ள வெங்காயங்கள் எல்லாம் தாயின் அச்சு அசல் நகல்கள். நல்ல குணம் மாறாமல் தொடரும். ஆனால் தாய்க்கு எளிதில் தொற்றும் நோய், பிள்ளைகளுக்கும் அப்படியே தொற்றும். விதைக்காகவே ஒரு பங்கு வெங்காயத்தைப் பட்டறையில் பல வாரம் அழுகாமல் காக்கவும் வேண்டும். அதனால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம், நன்றாகப் பூத்து விதை பிடிக்கும் 'கோ 5' ரகத்தை உருவாக்கியது. அதைக் கறுப்பு விதையாகத் தூவி நாற்று விட்டு நடலாம். வயலில் இறங்கிய பிறகு, அதுவும் கொத்தாகத்தான் விளைகிறது.