நீங்க ‘பொட்டு’ இந்தியரா, ‘இறகு’ இந்தியரா?

“எந்த ஊர்?” நம்மூரில் இது சாதாரண விசாரிப்பு. அமெரிக்காவில் குடியேறியவரிடம், “அது சரி, உண்மையில் எந்த ஊர்?” என்று இரண்டாவது முறை கேட்கும்போது அர்த்தம் மாறிவிடுகிறது. “இந்தியன்” என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. எந்த இந்தியன்?

1492-ல் கரீபியன் தீவில் இறங்கிய கொலம்பஸ், ஆசியாவுக்கு வந்துவிட்டதாக நம்பி அங்கிருந்தவர்களை ‘இந்தியர்’ என்றார். அந்தத் தப்பு இன்னும் திருந்தவில்லை. நாம மட்டும் சும்மாவா? தோல் நிறத்தையும் சேர்த்து ‘செவ்விந்தியர்’ என்று எழுதிப் பழகிவிட்டோம்.

இந்தக் குழப்பத்தையே கலையாக மாற்றியவர் அன்னு பாலக்குன்னத்து மேத்யூ. இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் படித்தவர், பின்னர் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் புகைப்படக் கலைப் பேராசிரியர் ஆனார்.

‘ஆன் இந்தியன் ஃப்ரம் இந்தியா’ என்ற அவரது படத்தொடரில், ஒரு பக்கம் அமெரிக்கப் பூர்வகுடி ஒருவரின் பழைய படம். பக்கத்திலேயே அதே போஸில், அதே பழுப்பு நிறத்தில், இந்திய உடையில் அன்னு. அங்கே தலையில் இறகு, இங்கே நெற்றியில் பொட்டு. பார்த்ததும் சிரிப்பு வரும். அந்தப் பழைய படங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்று தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

கடிகாரம் எங்கே போச்சு?

பூர்வகுடிகளைப் படமெடுத்தவர்களில் பிரபலமானவர் எட்வர்ட் கர்டிஸ். 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகள் வெளியிட்டார். கூடாரத்துக்குள் இருவர் அமர்ந்திருக்கும் ஒரு படத்தில், அவர்களுக்கு நடுவே கடிகாரம் ஒன்று இருந்தது. அச்சிடும்போது அதை அழித்துவிட்டார். ‘அழிந்துகொண்டிருக்கும் இனம்’ என்று காட்ட வேண்டிய இடத்தில் கடிகாரம் இடிக்கும் இல்லையா!

இதைவிடக் கனமானது டாம் டார்லினோவின் கதை. நவஹோ இளைஞர். (ஆமாம், டெக்ஸ் வில்லர் காமிக்ஸில் வரும் அதே நவஹோ.) பூர்வகுடிப் பிள்ளைகளை ‘நாகரிகப்படுத்த’ 1879-ல் பென்சில்வேனியாவில் தொடங்கப்பட்ட கார்லைல் உறைவிடப் பள்ளிக்கு 1882-ல் வந்தார். வந்தபோது எடுத்த படத்தில் நீண்ட கூந்தல், காதணி, கழுத்தணி. சுமார் மூன்று ஆண்டு கழித்து எடுத்ததில் கோட்டு, வெட்டிய முடி. தோல்கூட வெளுத்துத் தெரிகிறது! வெளிச்சத்தை வைத்துச் செய்த வேலை என்று சொல்லப்படுகிறது. ‘முன்பு - பின்பு’ விளம்பரம் போல, பள்ளியின் வெற்றிக்குச் சாட்சியாக இந்த இரண்டு படங்களும் காட்டப்பட்டன. அன்னுவும் தன்னை ‘முன்பு - பின்பு’ என்று இரண்டாகப் படமெடுத்து, டார்லினோவின் பக்கத்தில் வைத்தார்.

ஏன் அவர் வைக்க வேண்டும்? கேமரா இங்கேயும் இதே வேலையைச் செய்திருக்கிறது. 1868 முதல் 1875 வரை ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது பிரிட்டிஷ் அரசு. சாதி, இனம் வாரியாக மனிதர்களை நிற்கவைத்து எடுத்த படங்கள். யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்கிற ரீதியில் குறிப்புகள் வேறு.

ஷிஃப்ட் முடிந்த பிறகு

அதெல்லாம் பழைய கதை என்கிறீர்களா? அன்னுவின் இன்னொரு தொடர் ‘தி வர்ச்சுவல் இமிக்ரன்ட்’. இந்தியக் கால் சென்டர் ஊழியர்கள் பற்றியது. ராத்திரி முழுக்க அமெரிக்கப் பெயரில், அமெரிக்க உச்சரிப்பில் பேசிவிட்டு, விடிந்ததும் சொந்தப் பெயரோடு வீட்டுக்குப் போகிறவர்கள். விசா இல்லாமலே தினமும் புலம்பெயர்கிறார்கள்.

சின்ன வயதில் ஸ்கேலில் வருமே, சாய்த்தால் உருவம் மாறும் படம்? அந்த நுட்பத்தில்தான் இவர்களை அச்சிட்டிருக்கிறார். ஒரு பக்கமிருந்து பார்த்தால் மேற்கத்திய உடையில் நிற்கிறார். இரண்டடி நகர்ந்து பார்த்தால், அதே ஆள் பாரம்பரிய இந்திய உடையில்.