வட்டிக்கு வந்த பணமும் வீட்டுக்கு வந்த பணமும்

திருச்சியில் ஒரு கல்யாண மண்டபம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சண்டை ஆரம்பித்தது. நியூஜெர்சியில் 28 வருடமாகக் குடியிருக்கும் பெரியப்பா மகன், நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்: "தொண்ணூத்தி ஒண்ணுல நாடு திவாலாகப் பார்த்துச்சு மாமா. எங்க டாலர்தான் காப்பாத்துச்சு. அப்புறம் இந்த ஐ.டி.யும் நாங்க அங்க போய்ப் போட்ட பாதைதான்."

எதிரே இருந்த மாமா தொலைபேசித் துறையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடுவாரா? "ஏன் மாப்ளே, நீ படிச்ச காலேஜுக்கு யாரு பணம் கட்டுனா? மழையில நான் கேபிள் குழியில நிக்கையில நீ விசாவுக்கு வரிசையில நின்னே. இங்க இருந்து வரி கட்டுனவன் கேனயனா?"

பக்கத்தில் இன்னொருவரும் இருந்தார். சவூதியின் தம்மாமில் 19 வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய சித்தப்பா. பாயசக் கிண்ணத்தில் முந்திரி மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே கவனமாக இருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்தச் சண்டை நம் வீடுகளுக்குப் புதிதல்ல. நாடு முன்னேறியதற்கு மாலை யார் கழுத்தில் விழவேண்டும் என்று போனவர்களும் இருப்பவர்களும் மல்லுக்கட்டுவது முப்பது வருடமாக நடக்கிறது. அண்ணன் 1991-ஐ இழுத்ததால் அதிலிருந்தே தொடங்கலாம்.

அந்த வருடம் ஜூன் மாதம் இந்தியாவின் கையில் இருந்த அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வாரத்து இறக்குமதிக்குத்தான் காணும். மே மாதம், கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்து வைத்திருந்த தங்கத்தில் 20 டன்னை ஸ்டேட் பாங்க் வழியாக ஸ்விட்சர்லாந்து வங்கிக்குக் கொடுத்தோம். ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கம் 47 டன் பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்குப் போனது. அதை அடகு வைத்துக் கிடைத்தது 40 கோடி டாலர் சொச்சம். அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர் நம் எஸ். வெங்கிடரமணன். தங்கம் ஏற்றிய வேன் பம்பாய் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பழுதாகி நின்றுவிட, காவலுக்குப் போனவர்கள் பதறிய கதையைப் பின்னாளில் ஆளுநரான ஒய்.வி. ரெட்டி எழுதியிருக்கிறார். தாலியை அடகு வைக்கக் கிளம்பின வீட்டில் சைக்கிள் பஞ்சரான மாதிரி.

அந்த நாளில் அண்ணன் சொல்லும் டாலர் எங்கே இருந்தது? வெளியே போய்க்கொண்டிருந்தது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் நம் வங்கிகளில் போட்டிருந்த டெபாசிட்டுகள் 1990 அக்டோபரிலிருந்தே நிகரக் கணக்கில் கரையத் தொடங்கிவிட்டன. 1991 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்றே மாதத்தில் வெளியேறியது சுமார் 95 கோடி டாலர். ரிசர்வ் வங்கித் தங்கத்தை அடகு வைத்துப் புரட்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இத்தனைக்கும் அந்த டெபாசிட்டுகள் வெளிநாட்டு வங்கி வட்டியைவிட அதிக வட்டிக்கு வாங்கியவை. ரூபாய் சரிந்தால் வரும் நட்டம் ரிசர்வ் வங்கியின் தலையில்.

எடுத்தவர்கள் எல்லோரும் அமெரிக்காக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். வளைகுடாவில் இருந்தவர்களும் டெபாசிட் வைத்திருந்தார்கள். கப்பல் ஓட்டையாகிறது என்று தெரிந்தால் யார்தான் குதிக்கமாட்டார்கள்? ஆனால் குதித்தவரே, கரை சேர்ந்தபின், கப்பலைக் கரைக்கு இழுத்து வந்ததும் நான்தான் என்றால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும்.

அதே 1990-ல் இன்னொரு கூட்டமும் பணம் அனுப்புவதை நிறுத்தியது, விரும்பி அல்ல. ஆகஸ்டில் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது. சுமார் 1.7 லட்சம் இந்தியர்கள் வேலை, சம்பள பாக்கி, பெட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாலைவனம் தாண்டி ஜோர்டானின் அம்மான் நகருக்கு வந்தார்கள். அங்கிருந்து ஏர் இந்தியா 59 நாளில் 488 நடை பறந்து அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுவந்து சேர்த்தது. செலாவணி நெருக்கடிக்குக் காரணம் சொல்லும் எந்த அறிக்கையிலும் 'வளைகுடாப் போரால் உழைப்பாளர் பணவரவு குறைந்தது' என்று ஒரு வரி இருக்கும். உடுத்த துணியோடு விமானத்தில் ஏறிய அவர்கள்தான் அந்த ஒரு வரி.

பிறகு வந்த டாலருக்கு வருவோம். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தோம். அமெரிக்கா தடை போட்டது. ஆகஸ்டில் ஸ்டேட் பாங்க் 'ரிசர்ஜென்ட் இந்தியா' பத்திரங்களை வெளியிட்டது. தாய்நாடு அழைக்கிறது என்ற தொனியில் விற்றார்கள். 420 கோடி டாலர் குவிந்தது. டாலரில் போட்டால் வட்டி 7.75 சதவீதம், இந்தியாவில் வரி கிடையாது. அன்றைக்கு அமெரிக்க அரசாங்கத்தின் கடன் பத்திரம் தந்த வட்டியைவிட இது கணிசமாக அதிகம். 2000-ல் 'மில்லேனியம் டெபாசிட்', வட்டி 8.5 சதவீதம், வந்தது 550 கோடி டாலர். 2013-ல் ரூபாய் தள்ளாடியபோது ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் திறந்த சலுகைக் கதவு வழியாக வந்த வெளிநாட்டுச் செலாவணி டெபாசிட் மட்டும் சுமார் 2,600 கோடி டாலர். அதில் பலர் தம் கையிலிருந்து கொஞ்சம் போட்டு, மீதியை வெளிநாட்டு வங்கியிலேயே கடன் வாங்கிப் போட்டு, இரண்டு வட்டிக்கும் இடையிலான லாபத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இதில் குற்றம் எதுவும் இல்லை. ஆபத்தான நேரத்தில் நம்பிக் கடன் கொடுப்பதும் உதவிதான். நாடும் முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் வட்டியையும் வாங்கிக்கொண்டு நன்கொடை ரசீதும் கேட்பதுதான் இடிக்கிறது. கொடுத்தவர்கள் நம்மிடம் உண்டு. மலாயாவில் ரப்பர் தோட்டம், பர்மாவில் வியாபாரம் என்று சம்பாதித்த அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் மத்திய மின் வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அதற்குப் பெயர் நன்கொடை.

வட்டி கேட்காமல், திரும்பப் போகாமல் வந்த பணம் வேறு. மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு வந்த பணம். அரிசி மளிகை, தங்கை கல்யாணம், ஓட்டுவீடு மாற்றி மாடி, பிள்ளையின் இன்ஜினீயரிங் ஃபீஸ் என்று போன பணம். உலக வங்கிக் கணக்குப்படி 2022-ல் இந்தியாவுக்கு இப்படி வந்தது 11,100 கோடி டாலர். ஒரே ஆண்டில் 10,000 கோடியைத் தாண்டிய முதல் நாடு நாம்தான். 2024-ல் சுமார் 12,900 கோடி. சரக்கு வர்த்தகத்தில் நமக்கு விழும் பள்ளத்தில் ஏறக்குறைய பாதியை நிரப்புவது இதுதான்.

இங்கே அண்ணனுக்குச் சேரவேண்டியதைச் சேர்த்தாக வேண்டும். பல வருடம் இந்தப் பணத்தில் பெரும்பங்கு வளைகுடாவிலிருந்து வந்தது. ரிசர்வ் வங்கியின் ஆய்வில் 2016-17-ல் வளைகுடாவின் பங்கு ஏறக்குறைய 47 சதவீதம். 2023-24-ல் 38 ஆகக் குறைந்துவிட்டது. அந்த ஆண்டு தனி நாடாக முதலிடத்தில் நின்றது அமெரிக்கா, 27.7 சதவீதம். அமீரகம் 19.2. வரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு. நியூஜெர்சி அண்ணனும் அவர் அம்மாவின் மருந்துச் செலவுக்கு அனுப்புகிறார். அதுவும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அதை அவர் எந்தச் சபையிலும் சொல்லிக் கேட்டதில்லை.

ஐ.டி. விஷயத்தில் நான் பாதி அண்ணன் கட்சி. சிலிக்கான் பள்ளத்தாக்கில் நம் ஆட்கள் வேலையில் பேர் வாங்கியதால்தான், பெங்களூருக்கு வேலை அனுப்பலாம் என்ற துணிச்சல் அமெரிக்க கம்பெனிகளுக்கு வந்தது. 1992-ல் அங்கே தொடங்கிய 'டை' என்ற தொழில்முனைவோர் அமைப்பின் மூத்தவர்கள் இளசுகளுக்குக் கைகொடுத்ததும் உண்மை. மறுபாதி? டி.சி.எஸ். 1968-ல் மும்பையில் பிறந்தது. அதை வளர்த்த எஃப்.சி. கோலி கனடாவிலும் எம்.ஐ.டி.யிலும் படித்துவிட்டு 1951-லேயே திரும்பி வந்தவர். கோதுமைப் புரட்சியின் எம்.எஸ். சுவாமிநாதன் விஸ்கான்சினில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1954-ல் திரும்பினார். பால் புரட்சியின் குரியன் மிச்சிகனில் படித்தவர். 1991-ல் கதவைத் திறந்த மன்மோகன் சிங் ஆக்ஸ்ஃபோர்டு, ஐ.நா. என்று சுற்றிவிட்டு வந்தவர். இவர்களை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

மாமாவின் துறையையே எடுங்கள். சிகாகோவில் தொலைபேசி இன்ஜினீயராக இருந்த சாம் பித்ரோடா வந்து 1984-ல் சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆய்வு மையத்தைத் தொடங்கினார். ஆனால் தூசியிலும் வெயிலிலும் ஏ.சி. இல்லாமல் ஓடும் கிராமத்து எக்ஸ்சேஞ்சை உருவாக்கியவர்கள் இங்கேயே படித்து இங்கேயே இருந்த இளம் இன்ஜினீயர்கள். முதல் எக்ஸ்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் ஓடியது. அதற்கப்புறம் ஊர் ஊராகப் பொருத்தியது மாமா மாதிரி ஆட்கள். மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத் வாசலில் ராத்திரி கட்டணம் குறையக் காத்திருந்த தலைமுறைக்கு மாமாவின் கோபம் புரியும்.

இருப்பவர்களும் யோக்கியம் இல்லை. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009-ல் வேதியியல் நோபல் கிடைத்தபோது நாம் செய்த கூத்தை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. சிதம்பரத்தில் பிறந்து மூன்று வயதில் பரோடாவுக்குப் போனவர். அவர் வாசலே மிதிக்காத பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் நடத்தியதாகச் சொல்லிக்கொள்ள இங்கே ஆள் கிளம்பியது. வந்து குவிந்த மின்னஞ்சல்களால் தம் வேலை கெடுகிறது என்று அந்த மனிதரே வருத்தப்பட்டுப் பேசினார். தேசம் என்பது பிறப்பின் தற்செயல் என்றும் சொன்னார். உடனே 'திமிர் பிடித்தவர்' என்றோம். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்கு வைத்த பேனர்களும் இந்த ரகம்தான். ஜெயித்தால் நம்ம வீட்டுப் பிள்ளை, பேசாமல் இருந்தால் ஓடிப்போனவன்.

1970-களில் பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி ஒரு யோசனை சொன்னார்: படித்துவிட்டு வெளிநாட்டில் குடியேறுபவரின் வருமானத்தில் கொஞ்சம் வரி பிடித்துத் தாய்நாட்டின் பக்கம் திருப்பலாம். படிக்க வைத்த கடனை அடைக்க ஒரு வழி. எந்த நாடும் அதைக் கையில் எடுக்கவில்லை. பகவதியும் அமெரிக்காவில்தான் பேராசிரியராக இருந்தார்.

அரசாங்கம் யார் பக்கம் நின்றது என்று கேட்டால் எனக்குத் தெளிவான பதில் உண்டு. காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915-ல் திரும்பிய ஜனவரி 9-ஆம் தேதியை 'பிரவாசி பாரதிய திவஸ்' என்று 2003-ல் கொண்டாடத் தொடங்கினார்கள். அந்த விழாவில் இரட்டைக் குடியுரிமை தருவதாக அறிவிப்பு வந்தது. அந்த வருடச் சட்டத்தில் பட்டியலிட்ட நாடுகள் 16. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து எல்லாம் இருந்தன. மலேசியா இல்லை. இலங்கை இல்லை. பிஜி இல்லை. காந்தி சத்தியாக்கிரகம் செய்த தென்னாப்பிரிக்காவே இல்லை. ரப்பர் காட்டிலும் தேயிலை மலையிலும் கரும்புத் தோட்டத்திலும் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அன்றைய கணக்கில் இந்திய வம்சாவளியே இல்லை போலும். 2005-ல் பட்டியலை விரித்தார்கள். முதலில் யார் நினைவுக்கு வந்தார்கள் என்பது பதிவாகிவிட்டது.

மண்டபத்தில் சண்டை ஓய்ந்து, அண்ணனும் மாமாவும் ஒரே காரில் ஏறிப் போனபின் சித்தப்பாவிடம் கேட்டேன்: "மொத்தமா எவ்வளவு அனுப்பியிருப்பீங்க சித்தப்பா?"

"யாரு கணக்கு வெச்சா? வீட்டுக்குத்தானே அனுப்புனேன். மூணு வருசம் உண்டியல்ல போட்டேன், அது கவர்மென்ட் கணக்குல வராதுல்ல?" என்று சிரித்தார்.

கடைசியாக ஒன்று. "நாட்டைப் பற்றிப் பேச எங்களுக்கும் உரிமை உண்டு" என்பது போனவர்களின் வாதம். "ஓட்டுப் போடாதவனுக்கு என்ன பேச்சு" என்பது இருப்பவர்களின் எதிர்வாதம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கு ஓட்டுரிமை தரும் சட்டத்திருத்தம் 2010-லேயே வந்துவிட்டது. தபால் ஓட்டு கிடையாது. டிக்கெட் எடுத்து நேரில் வந்து விரலில் மை வைத்துக்கொள்ள வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிவு செய்திருந்தவர்கள் சுமார் 1.19 லட்சம் பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958. அவர்களில் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள்.