கொடுங்கையூரின் செய்தியை யார் எழுதுவது?

கொடுங்கையூர் பெயர் நாளிதழில் வந்தால் பெரும்பாலும் குப்பைமேடு எரிந்திருக்கும், இல்லையென்றால் யாரையோ வெட்டியிருப்பார்கள். சுமார் 340 ஏக்கரில் பல பத்தாண்டுகளாகச் சென்னையின் குப்பையைச் சுமக்கும் வடசென்னை ஊர் இது. இங்கிருந்து இதழியல் படிக்கப் போய், கல்லூரி இதழின் ஆசிரியராகும் மாணவியிடம் ‘வீடு எங்கே?’ என்று கேட்டால், ‘பெரம்பூர் பக்கம்’ என்று சொல்லிவிடத்தான் முதலில் தோன்றும்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் அவரல்ல; அவரைப் போன்றவர்களுக்கும் தலித்துகளுக்கும் இடம் தராத செய்தி அறைகள்தான். 1996இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபரான கென்னத் கூப்பர் என்ற கறுப்பினத்தவர், தில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அவருக்காக மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியால், அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலைப் புரட்டினார். ஒருவரைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் நடத்திய ஆய்வில், செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. தலித்துகளோ பழங்குடியினரோ ஒருவரும் இல்லை.

ஆனால் சென்னைக்கு, தலித்துகள் தாங்களே பத்திரிகை நடத்திய வேறொரு மரபும் உண்டு. ஊரார் இழிவாகச் சொன்ன பெயரையே எடுத்து, 1893இல் ‘பறையன்’ என்று பத்திரிகை தொடங்கினார் இரட்டைமலை சீனிவாசன். மாத இதழாக வந்து வார இதழாக வளர்ந்த அது, 1900 வரை நடந்தது. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜான் ரஸ்வர்ம் கல்லூரிப் பட்டம் வாங்கிய மறு ஆண்டே, 1827இல், சாமுவேல் கார்னிஷுடன் சேர்ந்து கறுப்பினத்தவரின் முதல் செய்தித்தாளான ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ தொடங்கினார்.

இன்று அந்த மரபைக் கேமராவில் தொடர்கிறார் எம். பழனிகுமார். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான அவர், தூய்மைப் பணியாளர்களின் வாழ்வைப் படமெடுத்து, 2022இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது பெற்றார். கொடுங்கையூரை ஒட்டிய வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கும் புகைப்படக்கலை கற்றுத் தந்திருக்கிறார்.

ஊரை மறைக்காத கல்லூரி இதழாசிரியர் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். குப்பைமேட்டில் தீப்பிடித்தால், எத்தனை தீயணைப்பு வண்டிகள் வந்தன என்பதோடு அவர் நிறுத்தமாட்டார். அன்றிரவு எந்தத் தெருவில் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறியது, குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்கள் மறுநாள் என்ன செய்தார்கள் என்றும் விசாரிப்பார். தன் ஊர் என்பதற்காகத் தகவலைச் சரிபார்க்காமல் விடவும் மாட்டார்; தவறாக எழுதினால் மறுநாள் அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

அப்படிப்பட்டவரைக் கல்லூரி இதழின் ஆசிரியராக்கிவிட்டு, வடசென்னைச் செய்திக்கு மட்டும் அனுப்புவது நியாயமில்லை. பட்ஜெட், நீதிமன்றம், கிரிக்கெட் எல்லாவற்றிலும் எது முதல் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும்.