மாதவிடாய் வலியும் இரத்தப் பரிசோதனையும்: எண்டோமெட்ரியோசிஸை முன்கூட்டி அறிய இயலுமா?

பெங்களூர் நகரின் வடமேற்கே தும்கூர் சாலையை ஒட்டி அமைந்துள்ள பீன்யா தொழிற்பேட்டை 1970களில் உருப்பெற்றது. கடைசல் பட்டறைகளோடும் மின்கருவித் தொழிலகங்களோடும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் இங்கு மிகுதி. தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தினரும் உண்டு. ஒரு சட்டை பல கைகள் மாறியே உருவாகிறது. ஒருவர் காலர் வைக்க, அடுத்தவர் கையை இணைக்கிறார். வரிசையில் ஓர் இருக்கை காலியானால் அடுத்த இருக்கைக்கு வேலை வந்து சேராது. ஆகவே, மாதந்தோறும் இரண்டு நாட்கள் ஒரு பெண் வேலைக்கு வர இயலாமற் போவது அவரது ஊதியக் கணக்கோடு முடிவதில்லை.

அந்த இரண்டு நாள் வலிக்குக் காரணம் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயாக இருக்கக்கூடும். கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே சூலகத்தின் மீதும் அடிவயிற்றுச் சவ்வின் மீதும் குடலை ஒட்டியும் வளர்வதே இந்நோய். மாதவிடாய் இரத்தத்தின் ஒரு பகுதி கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று அங்கு வேரூன்றுகிறது என்று அமெரிக்க மருத்துவர் சாம்ப்சன் 1920களில் கூறிய விளக்கம் இன்றும் பெரிதும் ஏற்கப்படுகிறது. எனினும் அது முழு விளக்கமன்று. பின்னோக்கிய ஒழுக்கு பெரும்பாலான பெண்களிடம் காணப்படுகிறது. நோயோ சிலருக்கே வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கருவுறும் வயதினரில் சுமார் 10 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர்.

வலி தொடங்குவதற்கும் நோய் இன்னதென அறியப்படுவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்று வீட்டில் சொல்லப்படுவது ஒரு காரணம். உறுதிசெய்யும் வழி கடினமாயிருப்பது மற்றொரு காரணம். வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி செலுத்திப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி முறையே நெடுங்காலம் இறுதிச் சான்றாகக் கருதப்பட்டது. அதற்கு மயக்க மருந்தும் அறுவை அரங்கும் வேண்டும். ஐரோப்பிய மகப்பேற்று அறிவியல் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இந்நிலையை மாற்றி, ஸ்கேன் முதலிய பட முறைகளுக்கு முதலிடம் தந்தன. ஆனால் சூலகக் கட்டியையும் ஆழப் பதிந்த நோயையும் காட்டும் ஸ்கேன், சவ்வின் மேற்பரப்பில் படர்ந்துள்ள சிறு புள்ளிகளைப் பெரும்பாலும் தவறவிடுகிறது.

எனவேதான் இரத்தத்தில் ஒரு குறிகாட்டியைத் தேடும் முயற்சி. நெடுநாள் பழக்கத்திலுள்ள சி.ஏ.125 என்னும் புரதம் இதற்குப் போதவில்லை. சூலகப் புற்றுநோயிலும் கருப்பைத் தசைக்கட்டியிலும், ஏன், மாதவிடாய் நாட்களிலுமே அது உயர்கிறது. ஒரு புரதத்தை நம்புவதை விட்டு, உடலின் வளர்சிதை மாற்றத்தால் உண்டாகும் சிறு மூலக்கூறுகளை ஒருசேர அளந்து அவற்றின் ஒட்டுமொத்தச் சாயலைக் காண்பது புதிய வழி. இதில் நம் நாட்டுப் பங்கு குறிப்பிடத்தக்கது. காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கொல்கத்தாவின் இனப்பெருக்க மருத்துவ நிறுவனத்தாரோடு இணைந்து, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் பெண்களின் இரத்தநீரை ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயுற்றோரிடம் லாக்டேட்டும் அலனின், வேலின் போன்ற சில அமினோ அமிலங்களும் மிகுந்தும், குளுக்கோஸும் கொழுப்புப் பொருட்களும் குறைந்தும் இருந்தன. ஆராயப்பட்டோர் ஐம்பது பேருக்கும் குறைவு என்பதை மறத்தலாகாது.

லாக்டேட் ஏன் மிகவேண்டும்? அயலிடத்தில் ஒட்டிய திசுவுக்குப் பிராணவாயு போதிய அளவு கிட்டுவதில்லை. அது குளுக்கோஸை முற்றிலும் எரிக்காமல் பாதியில் உடைத்து லாக்டேட்டாக வெளியேற்றுகிறது. புற்றுநோய்த் திசுவிலும் இத்தகைய போக்கு உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தார் இதைப் பின்பற்றி, லாக்டேட் உற்பத்தியைத் தணிக்கும் ஒரு மருந்தையே சோதித்து வருகின்றனர்.

இங்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உள்ளது. எடுத்த இரத்தத்தைப் பிரிக்காமல் குழாயில் அப்படியே வைத்தால், அதிலுள்ள சிவப்பணுக்கள் குளுக்கோஸை உண்டு லாக்டேட்டை உமிழ்ந்துகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸ் குறைகிறது. நோயின் சாயல் எதுவோ, தாமதத்தின் சாயலும் ஏறத்தாழ அதுவே! காலையில் பீன்யாவில் எடுத்த இரத்தம், நகரப் போக்குவரத்து நெரிசலைக் கடந்து நண்பகலில் ஆய்வகம் சேருமானால், நலமுள்ள பெண்ணும் நோயாளியாகத் தோன்றலாம். உணவு, உடலுழைப்பு, மாதச் சுழற்சியின் நாள், கருத்தடை மாத்திரை ஆகியவையும் இவ்வளவுகளை மாற்றுகின்றன. மேற்சொன்ன 2022ஆம் ஆண்டு நெறிகள், நோயறிய எந்த உயிரியல் குறிகாட்டியையும் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறின.

பொருளாதாரம் பயின்றோருக்கு மற்றொரு கணக்கும் தோன்றும். நோயுற்றோரில் 80 சதவீதத்தினரையும், நோயற்றோரில் 90 சதவீதத்தினரையும் சரியாகச் சுட்டும் ஒரு பரிசோதனை இருப்பதாகக் கொள்வோம். ஓர் ஆலையில் 1,000 பெண்களையும் வரிசையில் நிறுத்திச் சோதித்தால், நோயுள்ள 100 பேரில் 80 பேரைக் காட்டும். நோயற்ற 900 பேரில் 90 பேரையும் நோயாளிகள் என்று கூறும். பாதிக்கு மேற்பட்டோர் வீணே அஞ்சி, சிலர் அறுவை அரங்கு வரை செல்வர். மணமாகாத பெண்ணாயின் வீட்டில் எழும் பேச்சு வேறு. அதே பரிசோதனையை, கடும் வலியுடன் மருத்துவரிடம் வந்தவர்களுக்கு மட்டும் செய்வதாகவும், அவர்கள் 1,000 பேரில் 400 பேருக்கு நோய் உள்ளதாகவும் கொண்டால், 320 பேர் சரியாகவும் 60 பேர் தவறாகவும் சுட்டப்படுவர். கருவி ஒன்றே, யாரிடம் பயன்படுத்துகிறோம் என்பதுதான் வேறு. ஆலை முழுமைக்குமான பரிசோதனை முகாம் என்னும் திட்டம் எவரிடமிருந்து வந்தாலும் அதை ஏற்க நான் தயங்குவேன்.

நோயின் பெயர் தெரியாததால் பெண் இழப்பது ஊதியத்தையும்தான். ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் வகுத்த முறைப்படி, நோய்க்கால உதவித்தொகை முதல் இரண்டு நாட்களுக்குக் கிடையாது. முந்தைய நோய் முடிந்து 15 நாட்களுக்குள் மீண்டும் நோயுற்றால் மட்டுமே அவ்விரு நாட்களுக்கும் கிட்டும். மாதவிடாயோ சுமார் 28 நாட்களுக்கு ஒருமுறை வருவது. இரண்டு நாள் வலி, காத்திருப்புக் காலத்திற்குள்ளேயே அடங்கிவிடுகிறது! கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்த, மாதம் ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய மாதவிடாய் விடுப்புக் கொள்கை, ஆடைத் தொழிலையும் உள்ளடக்கியது. அது இவ்விடைவெளியில் ஒரு பகுதியை நிரப்புகிறது.

பரிசோதனை முதிர்ச்சியடையும் வரை, ஆலை மருந்தகத்தில் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. வலியால் வேலை தடைபடுகிறதா? அந்நாட்களில் மலம் கழிக்கையில் வலிக்கிறதா? கணவனோடு சேர்கையில் வலி உண்டா? குழந்தைப்பேறு தாமதமாகிறதா? தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இவ்வாறு இருந்ததா? விடைகளை மாதவாரியாக ஓர் ஏட்டில் குறித்துவைத்தால், பீன்யாவிலுள்ள காப்பீட்டு மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவருக்கு அப்பெண்ணை எப்போது அனுப்புவது என்பது செவிலியருக்கே தெரிந்துவிடும்.